அலெக்சாந்திரியா ஆயர் புனித அத்தனாசியார்

மாணவர்களே, ஞாயிறு வழிபாட்டில் எழுந்து நின்று நீங்கள் சொல்லும் நைசீன் விசுவாசப் பிரமாணத்தில், பிதாவுக்கும் இயேசு கிறிஸ்துவுக்கும் உள்ள உறவைக் குறிக்கும் ஒரு சொல் வருகின்றது. தமிழில் சிலர் அதனை ஒரே பொருள் என்றும் வேறு சிலர் ஒரே தன்மை என்றும் மொழிபெயர்ப்பர். மனனமாகிவிட்டதால் பெரும்பாலும் நாம் அதை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்து விடுகின்றோம். அந்த ஒரு சொல்லுக்காக ஓர் ஆயர் ஐந்து தடவை தமது நகரை விட்டுத் துரத்தப்பட்டார். ஆயராக இருந்த ஏறத்தாழ 45 ஆண்டுகளில் சுமார் 17 ஆண்டுகளை அவர் நகருக்கு வெளியே கழித்தார். நான்கு உரோமப் பேரரசர்கள் அவருக்கு எதிராக ஆணை பிறப்பித்தனர். அவரே அத்தனாசியார்.

திருச்சபைக்குத் தெளிவான கோட்பாடு ஏன் அவசியம் என்று ஒரு வினா வருமாயின், இவருடைய வாழ்க்கையை விடப் பொருத்தமான உதாரணத்தை என்னால் காட்ட முடியாது. ஆகவே இப்பகுதி சற்று விரிவாகவே தரப்பட்டுள்ளது. ஆண்டுகளை மாத்திரம் குறித்துக்கொண்டு போகாமல் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள்.

இளமைக் காலம்

அத்தனாசியார் கி.பி 296 இற்கும் 298 இற்கும் இடைப்பட்ட காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார் எனக் கருதப்படுகின்றது. அலெக்சாந்திரியா அக்காலத்தில் மத்திய தரைக்கடலின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. கிரேக்கக் கல்விக்குப் பெயர் பெற்ற இடமும் அதுவே. நைல் நதிக்கரையில் விளைந்த தானியம் இங்கிருந்தே கப்பலேறியது. இந்தத் தானியக் கப்பல்களை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இவை அவருக்கு எதிராகவே திரும்பும்.

அவரது சிறுபராயத்தில், 303 ஆம் ஆண்டில், தியோக்கிளேசியன் பேரரசரின் கலாபனை ஆரம்பமாகியது. 311 ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் பேதுரு மறைசாட்சியாக மரித்தார். விசுவாசத்திற்காக உயிர்விட்டவர்களின் நினைவு பசுமையாக இருந்த ஒரு சபையில் வளர்ந்தவர் அவர் என்பதை விளங்கிக்கொண்டால் பிற்காலத்தில் அவர் காட்டிய பிடிவாதமும் விளங்கும். ஆயர் அலெக்சாந்தர் இவரது திறமையைக் கண்டு தம்முடன் வைத்துக் கற்பித்தார். திருத்தொண்டராகவும் தமது செயலாளராகவும் நியமித்தார்.

ஆரியுசின் போதனை

ஏறத்தாழ 318 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் ஒரு பிரச்சினை எழுந்தது. பவுக்காலிஸ் என்னும் ஆலயத்திற்குப் பொறுப்பாக இருந்த ஆரியுஸ் என்ற குருவானவரே இதற்குக் காரணர். இவரைக் கெட்டவராக எண்ணிவிடாதீர்கள். வயதில் மூத்தவர், தவ ஒழுக்கம் உடையவர், நன்றாகப் பேசக்கூடியவர். கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவரது எண்ணம். ஆனால் அந்த எண்ணத்திலிருந்து அவர் வந்தடைந்த முடிவு வேறு. பிதா ஒருவரே தொடக்கமற்றவர், மகனோ பிதாவினால் படைக்கப்பட்டவர், படைப்புகள் எல்லாவற்றிலும் உயர்ந்தவராயினும் அவரும் ஒரு படைப்பே, அவர் இல்லாதிருந்த நிலையும் ஒன்று உண்டு என அவர் போதித்தார்.

இதனைப் பாட்டாகவும் அவர் பரப்பினார். கப்பலோட்டிகள், மாவரைப்போர், வழிப்போக்கர் ஆகியோர் பாடுவதற்கென அவர் பாடல்கள் இயற்றினார் எனப் பண்டைய வரலாற்றாசிரியர் ஒருவர் குறிப்பிடுகின்றார். கோட்பாடு என்பது படித்தவர்களின் மேசையில் மாத்திரம் கிடக்கும் விடயம் அன்று என்பதற்கு இதுவே சாட்சி.

இதனால் என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்திலும் பலர் அப்படித்தான் கேட்டனர். அத்தனாசியாரின் வாதம் இதுதான். கிறிஸ்தவர்கள் ஆதியிலிருந்தே இயேசுவை வணங்கி வந்தனர். அவர் படைப்பு என்றால் அந்த வணக்கம் படைப்பை வணங்குவதாகிவிடும். பிதா, மகன், பரிசுத்த ஆவி பெயரால் திருமுழுக்குக் கொடுக்கப்படுகின்றது. அங்கே கடவுளின் பெயரோடு ஒரு படைப்பின் பெயரைச் சேர்த்ததாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதரைக் கடவுளோடு ஒன்று சேர்க்கக் கடவுளாலேயே முடியும். தானும் படைக்கப்பட்ட ஒருவர் மற்றப் படைப்புகளை மீட்க முடியாது. எனவே இது சொற்களைப் பற்றிய சண்டை அல்ல, மீட்பைப் பற்றியது என்பது அவரது உறுதியான நிலைப்பாடு.

ஆயர் அலெக்சாந்தர் எகிப்து, லிபியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு ஆயர்களைக் கூட்டி ஆரியுசைச் சபையிலிருந்து விலக்கினார். ஆரியுஸ் கிழக்கே சென்று, நிக்கோமீதியாவின் ஆயராகிய யூசேபியுஸ் போன்ற செல்வாக்குள்ளவர்களின் ஆதரவைத் தேடிக்கொண்டார். பேரரசர் கொன்ஸ்தந்தைன் முதலில் இதனைப் பெரிதாக எடுக்கவில்லை. இது அற்பமான விடயம், இருவரும் சமாதானமாகுங்கள் என்ற கருத்தில் கொர்தோபா ஆயர் ஓசியுஸ் மூலம் கடிதம் அனுப்பினார். அக்கடிதத்தால் பயன் எதுவும் ஏற்படவில்லை.

நைசீயாப் பொதுச்சங்கம் (325)

கொன்ஸ்தந்தைன் 325 ஆம் ஆண்டில் நைசீயாவில் ஆயர்களைக் கூட்டினார். இது இன்று துருக்கியில் இஸ்னிக் என அழைக்கப்படும் ஊர். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. உண்மையில் 250 இற்கும் 300 இற்கும் இடைப்பட்ட தொகையாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுவர். அத்தனாசியார் இச்சங்கத்திற்குத் தலைமை தாங்கினார் என்றோ பிரமாணத்தை எழுதினார் என்றோ மாணவர் சிலர் எழுதுகின்றனர். அது பிழை. அப்போது அவர் திருத்தொண்டர் மாத்திரமே. தமது ஆயருக்குச் செயலாளராகச் சென்றிருந்தார். ஆனால் அங்கே நடந்ததைக் கூர்ந்து கவனித்துப் பின்னர் எழுதி வைத்தவர் அவரே.

அவர் தரும் விபரம் இவ்வாறு அமைகின்றது. ஆயர்கள் முதலில் வேதாகமச் சொற்களையே பயன்படுத்தி ஆரியுசின் கருத்தை மறுக்க விரும்பினர். மகன் கடவுளிடமிருந்து வந்தவர் என எழுதுவோம் என்றனர். ஆரியுசின் நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்சாடை காட்டி அதற்குச் சம்மதித்தனர். ஏனெனில் எல்லாமே கடவுளிடமிருந்து வந்தவைதானே! கடவுளின் வல்லமை என எழுதுவோம் என்றனர். அதற்கும் சம்மதம். வேதாகமத்தில் வேறு பலவும் கடவுளின் வல்லமை எனக் கூறப்பட்டுள்ளன. கடவுளின் சாயல் என்றால்? மனிதனும் கடவுளின் சாயலே. இப்படி எந்தச் சொல்லை எடுத்தாலும் இரு தரப்பினரும் கையொப்பமிடலாம், ஆனால் இரு தரப்பினரும் வெவ்வேறு பொருளை மனதில் வைத்துக்கொண்டே அதைச் செய்யலாம் என்ற நிலை.

காணி உறுதியில் எல்லை தெளிவாக எழுதப்படாவிட்டால் அயலவர் இருவரும் சந்தோசமாகக் கையொப்பமிடுவர். சண்டை வருவது வேலி அடைக்கும் நாளில்தான். நைசீயாவில் கூடியோர் இதனை உணர்ந்தனர். ஆகவே வேறு பொருள் கொள்ள இடமளிக்காத ஒரு சொல்லைத் தேடினர். அதுவே ஹோமூசியோஸ் என்னும் கிரேக்கச் சொல். ஒரே பொருளானவர், பிதா எதுவோ அதுவே மகனும் என்பது அதன் கருத்து. ஆரியுசால் ஏற்றுக்கொள்ள முடியாத சொல்லும் அதுவே. லிபியாவைச் சேர்ந்த தெயோனாஸ், செக்குந்துஸ் ஆகிய இரு ஆயர்கள் கடைசிவரை கையொப்பமிட மறுத்து ஆரியுசுடன் நாடுகடத்தப்பட்டனர்.

இச்சொல் வேதாகமத்தில் இல்லையே என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. நல்ல கேள்விதான். சொல் வேதாகமத்தில் இல்லாவிடினும் அதன் கருத்து அங்கே உண்டு, வேதாகமச் சொற்களையே வளைத்துப் பொருள் கூறுவோர் இருக்கும்போது அக்கருத்தைக் காக்க வெளியிலிருந்து ஒரு சொல்லை எடுப்பது தவறாகாது என அத்தனாசியார் பின்னாளில் பதிலளித்தார்.

ஆயர் பதவியும் முதலாவது நாடுகடத்தலும்

328 இல் அலெக்சாந்தர் மரிக்க, முப்பது வயது மட்டில் இருந்த அத்தனாசியார் ஆயரானார். இதற்கிடையில் கொன்ஸ்தந்தைனின் மனம் மாறியிருந்தது. ஆரியுஸ் பொதுப்படையான சொற்களில் ஓர் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். சர்ச்சைக்குரிய சொல் அதில் இல்லை. பேரரசருக்கு அது போதுமாக இருந்தது. ஆரியுசைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி அத்தனாசியாரிடம் கேட்கப்பட்டது. அவர் மறுத்தார்.

கோட்பாட்டில் அவரை அசைக்க முடியாதவர்கள் வேறு வழிகளில் குற்றஞ்சாட்டினர். எகிப்தில் மெலித்தியர் என்னும் பிரிந்த குழுவினரும் இவர்களோடு சேர்ந்தனர். 335 இல் தீர் நகரில் ஆயர்கள் கூடி விசாரித்தனர். அர்சேனியுஸ் என்ற மெலித்திய ஆயரை இவர் கொலை செய்து, மாந்திரீகத்திற்காகக் கையை வெட்டி எடுத்தார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. வெட்டிய கை ஒன்றும் காட்டப்பட்டதாம்! அர்சேனியுஸ் உயிரோடு ஒளிந்திருந்து கண்டுபிடிக்கப்பட்டார். அத்தனாசியார் அவரைப் போர்வையால் மூடிச் சபைக்குக் கொண்டுவந்து, முதலில் ஒரு கையையும் பின்னர் மறு கையையும் வெளியே எடுத்துக் காட்டி, மூன்றாவது கை எங்கிருந்து வெட்டப்பட்டது எனக் கேட்டாராம். இது சற்றுப் பிற்காலத் திருச்சபை வரலாற்று நூல்களில் வரும் விபரம்.

ஆனால் நாம் நீதியாகவும் பேச வேண்டும். எகிப்தில் கிடைத்த அக்காலப் பப்பிரசுக் கடிதம் ஒன்று, அத்தனாசியாரின் ஆதரவாளர்கள் மெலித்தியரை அடித்துக் காயப்படுத்தியதைக் கூறுகின்றது. தமது மறைமாவட்டத்தை அவர் இறுக்கமாகவே ஆண்டார். புனிதர் என்பதால் அவருடைய எதிரிகள் சொன்ன யாவும் பொய் என எழுதிவிடக் கூடாது.

தீர் நகரில் நீதி கிடைக்காது எனக் கண்ட அத்தனாசியார் படகேறிக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குச் சென்று, குதிரையில் வந்துகொண்டிருந்த பேரரசரை வீதியிலேயே மறித்து முறையிட்டார். அப்போது எதிரிகள் புதிய குற்றச்சாட்டு ஒன்றைக் கொண்டுவந்தனர். எகிப்திலிருந்து தலைநகருக்குச் செல்லும் தானியக் கப்பல்களைத் தடுத்து நிறுத்துவதாக அவர் மிரட்டினாராம். தலைநகரின் உணவே அந்தக் கப்பல்களில்தான் வந்தது. பேரரசர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. 335 நவம்பரில் அத்தனாசியார் திரியர் நகருக்கு அனுப்பப்பட்டார். இது இன்றைய ஜேர்மனியில் உள்ளது. ஆரியுஸ் 336 இலும் கொன்ஸ்தந்தைன் 337 இலும் மரித்தனர். அத்தனாசியார் வீடு திரும்பினார்.

இரண்டாவது நாடுகடத்தல் 339 முதல் 346 வரை. பெரும்பாலும் உரோமையிலும் மேற்குத் தேசங்களிலும் இருந்தார். பாப்பரசர் முதலாம் யூலியுஸ் அவரை ஆதரித்தார். 346 இல் திரும்பியபோது அலெக்சாந்திரியா மக்கள் திரண்டு வந்து வரவேற்றனர்.

கொன்ஸ்தான்சியுசின் காலம்

கொன்ஸ்தந்தைனின் மகன் கொன்ஸ்தான்சியுஸ் 353 இல் முழுப் பேரரசுக்கும் தனி ஆட்சியாளரானார். இங்கேதான் நமது வினாவின் மையப்பகுதி வருகின்றது. இவர் ஆரியுசின் சீடர் என்று சொல்வதை விட, எல்லோரும் கையொப்பமிடக்கூடிய ஒரு பிரமாணத்தைத் தேடியவர் என்று சொல்வதே பொருத்தம். ஒற்றுமை வேண்டும், அதற்குச் சர்ச்சைக்குரிய சொற்களை நீக்கிவிட்டால் போதும் என அவர் எண்ணினார்.

355 இல் மிலான் நகரில் அத்தனாசியாரைக் கண்டிக்கும்படி மேற்கத்திய ஆயர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். மறுத்தவர்கள் நாடுகடத்தப்பட்டனர். 356 பெப்ரவரியில் ஓர் இரவு, தெயோனாஸ் ஆலயத்தில் மக்கள் கண்விழித்துச் செபித்துக்கொண்டிருந்தபோது படைவீரர்கள் ஆலயத்தைச் சுற்றி வளைத்தனர். அத்தனாசியார் தமது ஆசனத்தை விட்டு எழவில்லை. திருத்தொண்டர் ஒருவரைச் சங்கீதம் வாசிக்கச் செய்து, மக்கள் அதற்குப் பதிலுரைத்துவிட்டு வீடு செல்லுமாறு பணித்தார். வீரர்கள் கதவை உடைத்து உள்ளே புகுந்தனர். அம்புகள் பாய்ந்தன, சிலர் மிதிபட்டு இறந்தனர். மக்கள் வெளியேறும் வரை தாம் போவதில்லை என்று நின்றவரைத் துறவிகளும் குருக்களும் இழுத்துச் சென்றே காப்பாற்றினர்.

அதன் பின் ஆறு ஆண்டுகள் எகிப்தின் பாலைநிலத்தில், துறவிகளின் மடங்களிலும் குகைகளிலும் மாறி மாறி ஒளிந்திருந்தார். அவருடைய முக்கிய நூல்கள் பல இக்காலத்தைச் சேர்ந்தவை. 356 இல் மரித்த துறவி அந்தோனியாரின் வரலாற்றை எழுதினார். பரிசுத்த ஆவியும் படைப்பு அல்லர் என விளக்கி ஆயர் செராப்பியோனுக்குக் கடிதங்கள் எழுதினார்.

வெளியே நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ நூறு வயதை எட்டியிருந்த ஓசியுஸ் 357 இல் நிர்ப்பந்தத்தின் பேரில் எதிர்த்தரப்பின் அறிக்கையில் கையொப்பமிட்டார். 359 இல் மேற்கே அரிமினியம் நகரில் 400 இற்கும் மேற்பட்ட ஆயர்களும் கிழக்கே செலூக்கியாவில் சுமார் 160 ஆயர்களும் கூட்டப்பட்டனர். முடிவில் அவர்களிடமிருந்து பெறப்பட்ட பிரமாணம், மகன் பிதாவைப் போன்றவர் என்று மாத்திரம் கூறியது. எவ்விதத்தில் போன்றவர்? அது சொல்லப்படவில்லை. பொருள் என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாதெனவும் விதிக்கப்பட்டது. பேரரசர் நினைத்தபடி எல்லோரும் கையொப்பமிட்டுவிட்டார்கள் என்றே சொல்லலாம். ஆனால் ஒற்றுமை வந்ததா? கொன்ஸ்தான்சியுஸ் 361 இல் மரித்தவுடன் ஒவ்வொரு குழுவும் தனது பழைய கருத்துக்கே திரும்பியது. அரசாங்கம் அலெக்சாந்திரியாவில் அமர்த்தியிருந்த ஆயர் ஜோர்ஜ் அவ்வாண்டு டிசெம்பரில் நகர மக்களின் கலகத்தில் கொல்லப்பட்டார்.

362 ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாச் சங்கம்

வினாத்தாள்களில் நைசீயாவுக்குக் கிடைக்கும் இடம் இச்சங்கத்திற்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், அத்தனாசியாரை விளங்கிக்கொள்ள இதுவே முக்கியம்.

புதிய பேரரசர் யூலியான் கிறிஸ்தவத்தைக் கைவிட்டவர். சபைக்குள் சச்சரவு வளரட்டும் என எண்ணியே நாடுகடத்தப்பட்ட எல்லா ஆயர்களையும் அவர் திரும்ப அழைத்தார் எனக் கூறப்படுகின்றது. அத்தனாசியார் திரும்பி வந்து 362 இல் சிறிய சங்கம் ஒன்றைக் கூட்டினார். அப்போது நைசீயாவை ஏற்றவர்களுக்கு உள்ளேயே ஒரு பிளவு இருந்தது. கடவுளில் மூன்று ஹிப்பொஸ்தாசிஸ் உண்டு என்றனர் ஒரு சாரார். ஒன்று மாத்திரமே என்றனர் மறு சாரார். கேட்பவருக்கு இவை நேர் எதிரானவை.

அத்தனாசியார் இரு சாராரையும் தனித்தனியே கேட்டார். மூன்று என்போரிடம், மூன்று கடவுள்கள் என்றா கருதுகிறீர்கள் என விசாரித்தார். இல்லை, பிதா, மகன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் உண்மையாகவே மூவர் என்பதையே கூறுகிறோம் என்றனர். ஒன்று என்போரிடம், மூவரும் வெறும் பெயர்கள் மாத்திரமா எனக் கேட்டார். இல்லை, மூவரின் இறை இயல்பு ஒன்றே என்பதையே கூறுகிறோம் என்றனர். ஒரே சொல்லை ஒருவர் ஆள் என்ற பொருளிலும் மற்றவர் உள்பொருள் என்ற பொருளிலும் பயன்படுத்தியிருந்தனர். இரு சாராரின் விசுவாசமும் ஒன்றே எனச் சங்கம் ஏற்றுக்கொண்டது. எவரும் தமது சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குச் சற்று முன்னர் மற்றொரு குழுவினரிடமும் அவர் இப்படியே நடந்துகொண்டார். இவர்கள் ஹோமூசியோஸ் என்பதற்குப் பதிலாக ஹோமோயூசியோஸ், அதாவது ஒத்த பொருளானவர், என்ற சொல்லை விரும்பியோர். கிரேக்கத்தில் இரண்டிற்கும் ஓர் எழுத்தே வித்தியாசம். (இச்சொல் பற்றிய விவாதம் 350 களில் எழுந்தது. நைசீயாவில் இரு சொற்களும் மோதின என எழுத வேண்டாம்.) மகன் படைப்பு அல்லர், பிதாவின் பொருளிலிருந்தே வந்தவர் என்பதை ஏற்றுக்கொள்வோரைப் பகைவராக அல்ல, சகோதரராகவே கருத வேண்டும் என அத்தனாசியார் எழுதினார்.

ஒரு சொல்லுக்காக நாடுகடத்தப்பட்ட அதே மனிதர்தான் இங்கே வேறு சொற்களை விட்டுக்கொடுக்கின்றார். இதில் முரண்பாடு உண்டா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். கொன்ஸ்தான்சியுஸ் ஒரே சொல்லைக் கொடுத்துப் பொருளை மறைத்தார். அத்தனாசியார் பொருளைக் கேட்டறிந்த பின்னர் சொல்லை விட்டார். எட்டுப் புள்ளி வினாவுக்கு விடை எழுதும்போது இந்த வேறுபாட்டை எழுதுவோர் மிகக் குறைவு.

இறுதிக் காலம்

சச்சரவுக்குப் பதிலாகச் சமாதானம் வருவதை யூலியான் விரும்பவில்லை. அத்தோடு அத்தனாசியார் உயர்குலப் பெண்கள் சிலருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும் அவருக்கு ஆத்திரமூட்டியது. 362 இலேயே நான்காவது தடவையாக வெளியேற்றினார். நைல் நதியில் படகில் போகும்போது அரச படகு துரத்தி வந்ததாகவும், அத்தனாசியார் தமது படகைத் திருப்பி அதற்கு எதிரேயே செலுத்தியதாகவும் ஒரு கதை உண்டு. அத்தனாசியார் எங்கே எனக் கேட்டவர்களுக்கு, அவர் அதிக தூரத்தில் இல்லை, விரைந்து செல்லுங்கள் எனப் பதில் கிடைத்ததாம். அவர்களும் விரைந்து போனார்கள்! 363 இல் யூலியான் போரில் இறந்தார். 365 இல் வாலென்ஸ் பேரரசர் ஐந்தாவது முறையாக வெளியேற்றினார். நகரில் கொந்தளிப்பு ஏற்படலாம் என அஞ்சி நான்கு மாதங்களில் திரும்ப அழைத்தார்.

367 இல், ஆண்டுதோறும் எழுதும் பாஸ்கா மடலில் அவர் வேதாகம நூல்களைப் பட்டியலிட்டார். இன்று நமது புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களையும், அவற்றை மாத்திரம், குறிப்பிடும் பழைய பட்டியல் இதுவே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இது அவருடைய 39 ஆவது மடல். மறுபுறம், அத்தனாசியார் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணம் ஒன்று உண்டு. அது அவர் எழுதியதன்று. அவர் காலத்திற்குப் பின்னர் மேற்கே இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது.

373 மே மாதம் 2 ஆந் திகதி அத்தனாசியார் அலெக்சாந்திரியாவில் அமைதியாக மரித்தார். கத்தோலிக்க திருச்சபையில் அவருடைய திருநாளும் அதே திகதியிலேயே வருகின்றது. அவருக்குப் பின் ஆயரான பேதுரு உடனேயே நகரை விட்டு ஓட நேர்ந்தது. வாலென்ஸ் ஆட்சி செய்த வரையில் எதிர்த்தரப்பின் கையே கிழக்கில் ஓங்கியிருந்தது. 381 இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கமே நைசீயாவின் விசுவாசத்தை மீண்டும் உறுதி செய்தது. பரிசுத்த ஆவியைப் பற்றி அத்தனாசியார் பாலைநிலத்தில் இருந்து வாதாடிய விடயமும் அப்போது பிரமாணத்தில் விரிவாக இடம்பெற்றது. 2025 இல் நைசீயாவின் 1700 ஆவது ஆண்டு நிறைவைத் திருச்சபைகள் பல நினைவுகூர்ந்தன. ஆனால் ஞாயிறுதோறும் நீங்கள் சொல்வது 381 ஆம் ஆண்டுடன் தொடர்புடைய விரிந்த வடிவமே. ஆகவே அது எச்சங்கத்தில் உருவானது என வினவப்பட்டால் நைசீயா என்று மாத்திரம் எழுதி நிறுத்தாமல் இரண்டு சங்கங்களையும் ஆண்டுகளோடு குறிப்பிடுங்கள்.